நான் கொண்டுவராத தண்ணீர்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடுகிற இடத்தில் என் பல்லைப் பற்றிய பேச்சு வராமல் இருப்பதில்லை. கல்யாணப் பந்தியில் வரும், பாப்பாரப்பட்டி பஸ்ஸுக்கு நிற்கும்போது வரும். போன மாதம் கண் பரிசோதனைக்குப் போன இடத்தில்கூட ஒருத்தி கேட்டாள். "இந்த வயசுல எப்புடிக்கா பல்லு இப்புடி வெச்சிருக்கற? என்னா போட்டு வெளக்குற?" நான் வாயை மூடிக்கொண்டு சிரித்துவைத்தேன்.

எங்கள் ஊரில் எனக்குப் பின்னால் எட்டுப் பத்து வருடம் கழித்துப் பிறந்தவர்களைப் பார்த்திருப்பீர்கள். வாயைத் திறந்தால் பல்லில் பழுப்பு வரி ஓடும். சிலருக்குச் சுண்ணாம்பு போல வெளுத்து, ஓரம் உதிர்ந்திருக்கும். பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் வாயைத்தான் பார்த்தார்கள். கையால் வாயை மறைத்துக்கொண்டு பேசுவது எங்கள் ஊர்ப் பெண்களின் வழக்கமாகவே ஆகிவிட்டது. வெளியூர்க்காரர்கள் அதை வெட்கம் என்று நினைத்தார்கள்.

என் பல் வெள்ளையாக இருப்பதற்கு நான் எதுவும் செய்யவில்லை. அது முளைத்த காலத்தில் எங்கள் வீட்டில் குடித்தது ஏரிக்கரைக் கிணற்றுத் தண்ணீர். அவ்வளவுதான். அந்தக் கிணற்றிலிருந்து கொண்டுவந்ததாகச் சொல்லி நான் கொண்டுவராத தண்ணீரைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டும். நாற்பது வருடத்துக்கு மேல் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

அது நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம். மழை தவறிவிட்டது. ஏரி வெடித்துக் கிடந்தது. ஏரிக்கரைக் கிணற்றில் ஊற்று சுரக்கச் சுரக்கத்தான் சேந்த வேண்டும். வரிசையில் குடத்தை வைத்துவிட்டு நாவல் மரத்தடியில் உட்கார்ந்திருப்போம். என் முறை வருவதற்குள் பள்ளிக்கூட மணி அடித்துவிடும். அந்தச் சமயத்தில்தான் ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டி ஊருக்குள் வந்தது.

இரண்டு நாள் சத்தம். பாறையைக் குடைந்த மாவு சாம்பல் நிறப் புகையாக எழுந்து, எங்கள் ஓட்டின் மேலும் கட்டியிருந்த எருமையின் மேலும் படிந்தது. ஈரக் கல்லின் வாசம் சோற்றுக்குள்கூட வந்தது. இரண்டாம் நாள் மதியம் தண்ணீர் பீய்ச்சியடித்தது. முதலில் சேறாக வந்து, பிறகு மோர் போலக் கலங்கி, கடைசியில் தெளிந்தது. அப்பா இரண்டு கையாலும் ஏந்திக் குடித்துவிட்டு, "எளனி கணக்கா இருக்குது" என்றார்.

அதை எங்கள் வாசலுக்கு நேராகப் போட வைத்தவரே அப்பாதான். ஒன்றிய அலுவலகத்துக்கு எத்தனையோ தடவை நடந்திருந்தார். இன்னொன்றை ஏரிக்குப் போகிற வழியில், புளியந்தோப்பு ஓரத்தில் போட்டார்கள். எங்கள் அடிபம்புக்கு மஞ்சள் பூசி, மாலை போட்டு, தேங்காய் உடைத்தார்கள். அதற்குப் பிறகு ஊர்ப் பெண்கள் எல்லோரும் எங்கள் வாசலுக்கு வந்துதான் தண்ணீர் பிடித்தார்கள். அப்பா கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "மெதுவா அடிங்க, வாஷரு போயிரும்" என்று சொல்லிக்கொண்டிருப்பார். அப்பாவை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்தது அந்த ஒரு வருடம்தான்.

தம்பி அப்போது பிடித்துப் பிடித்து நடக்கிற குழந்தை. எனக்கும் அவனுக்கும் நடுவில் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. ஒன்று வயிற்றுப்போக்கில் போனது. மற்றொன்றுக்கு அம்மை போட்டது. அதனால் அவனைத் தரையில் விடுவதற்கே அம்மா யோசிப்பாள். அவன் பிறந்ததே நர்சம்மாவின் கையில்தான்.

நர்சம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். எங்களைச் சுற்றி ஏழெட்டு ஊருக்கு அவர் ஒருவர்தான். புதன்கிழமை புதன்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கி, கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்து வருவார். ரப்பர் செருப்பு, தோளில் தொங்குகிற பை, பக்கத்தில் வந்தால் லோஷன் வாசம். நோயாளிகள் இருக்கிற வீட்டைவிட நோயாளிகள் இல்லாத வீட்டுக்குத்தான் அதிகம் போவார். அது எங்களுக்கு விநோதமாக இருக்கும். நன்றாக விளையாடிக்கொண்டிருக்கிற குழந்தையைப் பிடித்து எடை பார்ப்பார், ஊசி போடுவார், நகத்தைப் பார்ப்பார். "நல்லா இருக்கற புள்ளைய என்னாத்துக்குக் குத்தறீங்க?" என்று யாராவது கேட்டால், "நல்லா இருக்கறப்பதாம்மா குத்தோணும்" என்பார்.

பம்பு வந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். நர்சம்மா ஒரு புதன்கிழமை தன்னோடு ஒருவரைக் கூட்டிவந்தார். கையில் மரப்பெட்டி வைத்திருந்தார் அவர். பம்புத் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து, அதில் ஏதோ ஒரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். முதலில் சிவந்த தண்ணீர் மெல்ல மஞ்சளுக்குப் போனது. அவர் நர்சம்மாவைப் பார்த்துத் தலையசைத்தார். அடுத்த வாரம் வந்து இரண்டு பம்பிலும் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டுப் போனார்கள்.

"இதுல புளோரைடுன்னு ஒரு உப்பு இருக்குதுங்க," என்றார் நர்சம்மா, எங்கள் வாசலில் நின்று. "கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. பெரியவங்களுக்கு ஒடனே ஒண்ணும் ஆவாது. சின்னப் புள்ளைங்களுக்குப் பல்லும் எலும்பும் வளர்ற வயசு. அதுங்கள்லதான் போயி ஒக்காரும். துணி தொவைங்க, மாட்டுக்குக் காட்டுங்க. குடிக்க வேண்டாம். ஏரிக்கரைக் கெணறு நல்ல தண்ணி, அதையும் பாத்துட்டோம்."

அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. "இத்தினி வருசமா தண்ணியில்லாம கெடந்தம், அப்ப ஒருத்தரும் பொட்டி தூக்கிகிட்டு வரல. இப்ப வந்துட்டாங்க" என்றார். அன்று மாலையே மண்ணெண்ணெயும் தேங்காய் நாரும் எடுத்து உட்கார்ந்து, பெயின்டைத் தேய்த்து எடுத்துவிட்டார். முழுதும் போகவில்லை. பம்பின் கழுத்தில் ரோஸ் நிறத்தில் ஒரு திட்டு ரொம்ப நாள் இருந்தது.

அம்மா அப்பாவை எதிர்த்துப் பேசுகிறவள் இல்லை. ஆனால் அன்று சொன்னாள், "நீங்க குடிங்க. நானும் குடிக்கறேன். எம் பையன் குடிக்க மாட்டான்."

அப்படித்தான் அந்த வேலை எனக்கு வந்தது. தினம் காலையில் ஏரிக்கரைக் கிணற்றிலிருந்து இரண்டு குடம். அம்மா ஒரு மண்பானையைத் தனியாக வாங்கி, அடுப்புக்கு எதிர்மூலையில் மணல் பரப்பி வைத்தாள். தம்பி பானை என்று அதற்குப் பேர். நான் கொண்டுவந்த தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டி, கொதிக்க வைத்து, ஆற வைத்து அதில் ஊற்றுவாள். கொதிக்க வைத்தால் எல்லாக் கெடுதலும் போய்விடும் என்று நினைத்தாள். அந்த உப்பு கொதிப்பதால் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடத்தான் செய்யும் என்று எனக்கே ரொம்ப வருடம் கழித்துத்தான் தெரியும்.

நர்சம்மா என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். "கண்ணு, நோவு வந்தவங்களுக்கு மருந்து குடுக்க ஆஸ்பத்திரி இருக்குது. இந்த நோவுக்கு மருந்தே கெடையாது. வராம பாத்துக்கறது ஒண்ணுதான். அது உங்கையிலதான் இருக்குது." நான் பெருமையாகத் தலையாட்டினேன். நாலைந்து மாதம் ஒழுங்காகவே போனேன். அதைச் சொல்லிக்கொள்வதில் இப்போது எனக்கு ஒரு அற்ப ஆறுதல்.

ஆறாம் வகுப்பில் விளையாட்டு வாத்தியார் ஒருவர் மாற்றலாகி வந்தார். முதல் வாரமே எல்லோரையும் ஓடவிட்டுப் பார்த்தார். நான் பையன்களையும் தாண்டி ஓடினேன். அவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "மறுபடியும் ஓடு" என்றார். ஓடினேன். "காலையில ஆறரைக்குக் கிரவுண்டுக்கு வந்துரு. உன்னைய தர்மபுரி போட்டிக்குக் கூட்டிகிட்டுப் போறேன்" என்றார்.

அம்மாவிடம் கேட்டேன். "தண்ணிய கொண்டாந்து வெச்சிட்டு எங்க வேணா ஓடு" என்றாள்.

ஓடுவது என்றால் எனக்கு எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு வயதுவரை என் தலையிலோ இடுப்பிலோ ஏதாவது ஒன்று எப்போதும் இருந்தது. குடம், விறகு, தம்பி. கிரவுண்டில் ஓடும்போது என்மேல் ஒன்றும் இல்லை. அதிகாலைக் குளிர் காதில் ஊதும். கால் தானாகப் போகும்.

முதல் நாள் நான் நிஜமாகவே கிணற்றுக்குத்தான் புறப்பட்டேன். புளியந்தோப்பு பம்பைத் தாண்டும்போது பள்ளிக்கூடத் திசையில் விசில் சத்தம் கேட்டது. ஊர் இன்னும் சரியாக எழுந்திருக்கவில்லை. நின்றேன். இன்றைக்கு ஒருநாள்தானே என்று நினைத்தேன். பம்பை நாலு அடி அடித்ததும் குடம் நிறைந்துவிட்டது. மறு குடமும் நிறைந்தது. குடித்துப் பார்த்தேன். கிணற்றுத் தண்ணீர் போலவே இருந்தது, இன்னும் கொஞ்சம் குளிர்ச்சியாகக்கூட இருந்தது. வீட்டுக்கு வந்து இறக்கியதும் அம்மா, "என்னா பாப்பா, இன்னிக்கு வெரசா வந்துட்ட?" என்றாள்.

"கூட்டமில்லம்மா."

அந்தப் பொய்யைச் சொல்ல எனக்குக் கொஞ்சமும் கஷ்டமாக இல்லை. அதுதான் இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது.

ஆரம்பத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் கிணற்றுக்குப் போனேன். ஈடுகட்டுவது போல. பிறகு ஞாயிற்றுக்கிழமையும் போகவில்லை. ஆறாவது முடிந்து ஏழாவது, ஏழாவது முடிந்து எட்டாவது. தம்பிக்கு இரண்டு வயது, மூன்று வயது, நாலு வயது. கிணற்றில் தண்ணீர் நிறைந்து, நாவல் மரம் இரண்டு தடவை காய்த்து ஓய்ந்தது. நான் பார்க்கவில்லை.

தர்மபுரியில் நடந்த போட்டியில் நான் இரண்டாவதாக வந்தேன். மூடி போட்ட எவர்சில்வர் டம்ளர் ஒன்று பரிசாகக் கொடுத்தார்கள். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல தம்பிக்குத் தண்ணி குடுக்கலாம், ஈ மொய்க்காது" என்றாள். அன்றிலிருந்து அவன் அதில்தான் குடித்தான். பானையில் மொண்டு, மூடி போட்டு, அம்மா அவன் கையில் கொடுப்பாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்து, மூச்சு விடாமல் குடிப்பான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த டம்ளர் எப்போது தொலைந்தது என்று நினைவில்லை. தொலைந்தபோது நான் தேடவில்லை.

இதற்கிடையில் ஒருநாள் நர்சம்மா பள்ளிக்கூட வராந்தாவில் பெண்களைக் கூட்டிப் பேசினார். கீரை கொடுங்கள், பால் கொடுங்கள், நெல்லிக்காய் கிடைத்தால் விடாதீர்கள் என்று சொல்லிவிட்டு, என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தினார். என் தோளில் கை வைத்துக்கொண்டார். "இந்தப் புள்ளையப் பாருங்க. ஓட்டத்துலயும் மொதல்ல நிக்கறா, தெனம் ரெண்டு கொடம் கெணத்துத் தண்ணியும் கொண்டாந்து தம்பிய காப்பாத்தறா. ஒவ்வொரு வூட்டுலயும் இப்புடி ஒரு புள்ள இருந்தா எனக்கு இந்த ஊர்ல வேலையே இருக்காது." எல்லோரும் கை தட்டினார்கள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

அதற்குப் பிறகு நாலைந்து வீடுகளில் கிணற்றுத் தண்ணீருக்கு ஆள் அனுப்ப ஆரம்பித்தார்கள். அவர்கள் சாயங்காலத்தில் போனார்கள். நிஜமாகவே போனார்கள். எதிர்வீட்டுச் சித்தி அப்போது முழுகாமல் இருந்தார். வயிற்றைத் தூக்கிக்கொண்டு அவரே போய்வருவார். "உங்கம்மாளப் பாத்துதான் நானும் கத்துகிட்டேன்" என்று என்னிடம் சொன்னார். அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதற்கும் ஒரு தனிப் பானை வைத்தார்.

தம்பிக்கு ஐந்து வயது ஆகும்போது அம்மாதான் முதலில் கவனித்தாள். அவன் ஓடினால் இரண்டு முட்டியும் உரசியது. நிற்கவைத்துக் காலைச் சேர்க்கச் சொன்னால் முட்டி சேர்ந்தது, பாதம் சேரவில்லை. நடுவில் ஒரு சொம்பை வைக்கலாம் போல இடைவெளி. ராத்திரியில் காலை அமுக்கிவிடச் சொல்லி அழுதான். அம்மா எண்ணெய் தடவினாள், துணி வைத்துக் கட்டினாள். புதன்கிழமை வந்ததும் அவனைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்கே போய்விட்டாள்.

நர்சம்மா எங்கள் வீட்டுக்கு வந்து தம்பியை நடக்கவிட்டுப் பார்த்தார். வாயைத் திறந்து பார்த்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"கெணத்துத் தண்ணிதான குடுத்தீங்க?"

"ஒரு சொட்டு வேற தண்ணி குடுக்கலிங்க," என்றாள் அம்மா. "கொதிக்க வெச்சி, வடிகட்டி, தனிப் பானையில வெச்சிக் குடுத்தேன். எங்கண்ணு மேல ஆணையா."

நர்சம்மா என்னைப் பார்த்தார். "கண்ணு, கெணத்துலருந்துதான கொண்டாந்த?"

"ஆமாங்க."

அவர் என்னை நம்பினார். கிணறுதான் கெட்டுப்போய்விட்டதோ என்று நினைத்து, மரப்பெட்டிக்காரரை மறுபடியும் வரவழைத்தார். கிணற்றுத் தண்ணீர் குழாயில் சிவப்பாகவே நின்றது. நல்ல தண்ணீர். அதைப் பார்த்துவிட்டு நர்சம்மா வெகு நேரம் கிணற்று மேட்டிலேயே நின்றிருந்தாராம். சித்தி வந்து சொன்னார்.

அடுத்த வாரம் அவர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். வகுப்பிலிருந்து என்னை வெளியே கூப்பிட்டு, வேப்ப மரத்தடிக்குக் கூட்டிப் போனார்.

"காலையில எத்தினி மணிக்குக் கெணத்துக்குப் போவ?"

"ஆறு மணிக்குங்க."

"ஆறரைக்கெல்லாம் கிரவுண்டுல இருப்பியாமே. வாத்தியார் சொன்னாரு. அரை மணியில ரெண்டு கொடம் வந்துருமா?"

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அழுதிருப்பேன், அழுதால் சொல்லியிருப்பேன். குடையின் கம்பியைச் சரிசெய்துகொண்டே அவர் சொன்னார். "உங்கம்மாகிட்ட நீயே சொல்லிரு கண்ணு. நான் சொன்னா உங்கப்பா உன்னைய உசுரோட வுட மாட்டாரு. நீ சொன்னா உங்கம்மா தாங்கிக்குவாங்க. அடுத்த பொதன்கெழமைக்குள்ள சொல்லிரு. மத்தவங்க வூட்டுக் கொழந்தைங்க இருக்குதில்ல?"

ஏழு நாள் இருந்தது எனக்கு. ஒவ்வொரு நாளும் சொல்வதற்கு அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் தம்பியின் காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் "அம்மா" என்றேன். "என்னா பாப்பா?" என்று நிமிர்ந்தாள். "பசிக்குது" என்றேன்.

புதன்கிழமை வந்தது. நர்சம்மா வந்தபோது எங்கள் வாசலில் பம்படியில் ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நர்சம்மா முதலில் என் முகத்தைத்தான் பார்த்தார். நான் கதவுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

அம்மா அவருக்கு நேராகப் போய் நின்றாள். அம்மாவின் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை. "நீங்க சொன்னதெல்லாம் செஞ்சனே. எம் பொண்ணு தலையில சும்மாடு எறக்காம சொமந்தாளே. இந்த வூட்டுல ஒருத்தர் பேச்சையும் கேக்காம உங்க பேச்ச கேட்டேன். எம் பையன் காலு வளஞ்சிபோச்சு. பம்புத் தண்ணி குடிச்ச புள்ளைங்க எத்தினியோ நேரா நடக்குதுங்க. உங்க பொட்டி பொய், உங்க பேச்சு பொய். இனிமே எங்க வூட்டுப் பக்கம் வராதீங்க."

நர்சம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். என் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு, "சரிங்கம்மா" என்றார். குடையை விரிக்காமலே வெயிலில் நடந்து போனார். அப்பா மட்டும், "நான் அப்பவே சொன்னனில்ல" என்றார்.

அன்று அவர் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். ஒரு வார்த்தை போதும். அடி வாங்கியிருப்பேன், அம்மா என்னோடு பேசாமல் இருந்திருப்பாள், ஆனால் ஊர் அவரை நம்பியிருக்கும். ஒரு சிறு பெண்ணைக் காப்பாற்றுவதாக நினைத்து அவர் வாயை மூடிக்கொண்டார். இந்த வயதில் யோசித்தால் அது தப்பான இரக்கம் என்றே தோன்றுகிறது. அதைச் சொல்ல எனக்கு மட்டும் உரிமையில்லை என்பதும் தெரிகிறது.

ஒரு மாதத்துக்குள் கிணற்றுப் பாதையில் ஆள் நடமாட்டம் நின்றது. சித்திதான் கடைசியாக நிறுத்தினார். "உங்கம்மா அவ்ளோ பாத்துப் பாத்துக் குடுத்தே ஒண்ணுமில்லாம போச்சு. நான் என்னாத்துக்கு இடுப்ப ஒடச்சிக்கோணும்?" என்றார். அவருடைய பெண்ணுக்கு அப்போது இரண்டு வயதுகூட நிறையவில்லை. தனிப் பானையில் அரிசி கொட்டி வைத்தார்கள். நர்சம்மா அரூர் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னார்கள். அடுத்து வந்தவர் தண்ணீரைப் பற்றிப் பேசவே இல்லை. பேசினாலும் கேட்க ஆளில்லை.

நான் அந்த வருடமே பெரிய மனுஷி ஆனேன். ஓட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எதற்காக அத்தனையும் செய்தேனோ அந்த ஓட்டம் அத்தோடு முடிந்தது. எனக்குப் பெரிதாக வருத்தம்கூட இல்லை.

அம்மா சாகிறவரை நர்சம்மாவைத் திட்டிக்கொண்டிருந்தாள். வயதாக ஆகத் திட்டுவது குறைந்து, வேறொன்றைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குப் பால் சீக்கிரம் வத்திப்போச்சு. ஆறு மாசத்துலயே மறக்கடிச்சிட்டேன். அதான் எலும்பு வலுவில்லாம போச்சு எம் பையனுக்கு." யார் வந்தாலும் சொல்வாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பேன்.

என் பிள்ளைகள் படித்து வேலைக்குப் போன பிறகு ஒருமுறை அரூருக்குப் போன இடத்தில் நர்சம்மாவைத் தேடினேன். ஆஸ்பத்திரியில் இருந்த பெண், "பேரு என்னங்க?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. குடை பிடித்துக்கொண்டு வருவார் என்றேன். அந்தப் பெண் பாவமாகப் பார்த்தாள்.

தம்பி பாப்பாரப்பட்டியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். நல்ல மனைவி, ஒரு மகள். போன வருடம் முட்டி அறுவை சிகிச்சைக்காகச் சேலத்தில் சேர்த்தபோது நான்தான் கூட இருந்தேன். டாக்டரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன், குடிக்கிற தண்ணீரை மட்டும் மாற்றியிருந்தால் இது வந்திருக்காதா என்று. "சமைக்கற தண்ணியும் இருக்குது, சாப்பாட்டுல சத்தும் இருக்குது. இத்தனை வருசம் கழிச்சு எது எவ்வளவுன்னு பிரிக்க முடியாதுங்கம்மா. கொறஞ்சிருக்கும். கண்டிப்பா கொறஞ்சிருக்கும்" என்றார்.

அவனை வீட்டுக்குக் கூட்டிவந்து பத்தாம் நாள், அவனுடைய மனைவி கடைக்குப் போயிருந்த ஒரு மதியத்தில், எல்லாவற்றையும் சொன்னேன். அவன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். முடித்ததும் கேட்டான்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப அம்மா எம் பால் பத்தலன்னு சொல்லிச் சொல்லி அழுவாங்களே, அப்ப நீ பக்கத்துலதான இருந்த?"

நான் அவன் காலடியில் கலைந்திருந்த போர்வையை இழுத்துவிட்டேன்.

"என்னைய வுடு," என்றான். "உனக்குப் பன்னண்டு வயசு. எம் பொண்ணா இருந்தாலும் ஓடத்தான் போயிருப்பா. அம்மா சாவறப்ப உனக்கு என்னா வயசு?"

ஐம்பது ஆகியிருந்தது எனக்கு. அவன் ஜன்னல் பக்கம் திரும்பினான். பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், "எங்கிட்ட சொன்னது போதும்க்கா. எதுத்த வூட்டுல போயி சொல்லு. சித்தி பொண்ணுக்கும் தனிப் பானை இருந்துச்சில்ல" என்றான்.

அதற்கு எனக்கு மூன்று மாதம் ஆனது.

சித்தி காலமாகிப் பல வருடம் ஆகிறது. அவருடைய பெண் அதே வீட்டில்தான் இருக்கிறாள். தையல் தைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவள். இப்போது தைப்பதில்லை. கழுத்தும் முதுகும் பலகை போல ஆகிவிட்டன, தலையைக் குனிந்து ஊசியைப் பார்க்க முடியாது. நம்மைப் பார்க்க வேண்டுமென்றால் உடம்போடு திரும்ப வேண்டும். தையல் மிஷின் மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. ஊருக்கு ஒகேனக்கல் தண்ணீர் வந்துவிட்டது. குழாயில் குடம் நிறைகிற சத்தம் வெளியே கேட்டது.

"வாங்கக்கா, என்னா திடீர்னு" என்று நாற்காலியை நகர்த்திப் போட்டாள். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். புளியந்தோப்பு பம்பைச் சொன்னேன், வேப்ப மரத்தடியைச் சொன்னேன், அந்தப் புதன்கிழமை கதவுக்குப் பின்னால் நின்றதைச் சொன்னேன். அவளுடைய அம்மா எதனால் பானையை நிறுத்தினார் என்பதையும் சொன்னேன்.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பாதியில் ஒருமுறை உடம்பைத் திருப்பி வாசலைப் பார்த்தாள், யாராவது வருகிறார்களா என்பது போல. யாரும் வரவில்லை. நான் முடித்ததும் திட்டுவாள் என்று நினைத்தேன், அழுவாள் என்று நினைத்தேன். இரண்டுக்கும் தயாராகத்தான் போயிருந்தேன்.

"அக்கா," என்றாள். "அந்தக் கெணத்துக்குப் போயிட்டு வர எவ்ளோ நேரம் ஆவும்?"

"முக்கால் மணி நேரம்" என்றேன்.

அவள் உடம்போடு திரும்பி, மூலையில் கிடந்த தையல் மிஷினைப் பார்த்தாள்.